வட்டுக்கோட்டைக் கல்லூரி யாருடையது?

சென்னைப் பல்கலைக்கழகம் 1857ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. அது நடத்திய முதல் பி.ஏ. தேர்வில் தேறிப் பட்டதாரிகளான இருவரில் ஒருவர்கூடச் சென்னைக்காரர் இல்லை. தஞ்சாவூர், மதுரைக்காரர்களும் இல்லை. கரோல் விசுவநாதபிள்ளை சுதுமலைக்காரர், சி. வை. தாமோதரம்பிள்ளை சிறுப்பிட்டிக்காரர். இரண்டும் யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிராமங்கள். தாமோதரம்பிள்ளை அந்தக் காலத்தை ஒட்டி மலபார் மாவட்டத் தலைநகரான கோழிக்கோட்டில், அரசினர் பள்ளியில் உதவியாசிரியராகவும் வேலை பார்த்தார். பாலக்காடு அன்று அதே மலபார் மாவட்டத்துக்குள் இருந்தது. பின்னாளில் விக்டோரியா கல்லூரியாக வளர்ந்த பள்ளி பாலக்காட்டில் தொடங்கியது 1866இல்தான். அதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பே, கடல் கடந்து வந்த ஒரு தமிழர் பல்கலைக்கழகத் தேர்வுக்கு வேண்டிய கல்வியை முழுதாகக் கற்று முடித்து, மலபாரில் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் படித்த இடம் வட்டுக்கோட்டை. பனையும் வயலும் சூழ்ந்த சிற்றூர். அங்கே அமெரிக்கர்கள் நடத்திய செமினரியின் தரம் பற்றி அன்றைய ஆங்கிலேய அதிகாரிகளே வியந்து எழுதியிருக்கிறார்கள். ஆனால் தாமோதரம்பிள்ளை பட்டம் வாங்கியபோது அந்தக் கல்விக்கூடம் மூடப்பட்டு இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. நன்றாக நடந்த கல்லூரியை ஏன் மூடினார்கள்? யார் மூடினார்கள்? மூடியதைத் திறந்தது யார்? திறந்ததன் மேல்பாதியைப் பிறகு எடுத்துக்கொண்டது யார்? தென்னாசியாவில் தனியார் கலைக் கல்லூரிகளின் வரலாற்றைப் படிக்க விரும்புகிறவர் இந்தக் கேள்விகளிலிருந்து தொடங்கலாம் என்பது என் எண்ணம். வட்டுக்கோட்டையைப் பற்றி எழுதியவர்களில் பெரும்பாலோர் பாடத்திட்டத்தைப் புகழ்வதோடு நின்றுவிட்டார்கள். கல்லூரியின் ஆயுளைத் தீர்மானித்தது முடிவெடுக்கும் அதிகாரம் எந்த ஊரில் இருந்தது என்பதுதான்.

பாலக்காடு, இடுக்கி எல்லைத் தமிழர்களுக்கு இதில் தனி அக்கறை உண்டு. சித்தூர் வட்டத்திலும் தேவிகுளம் மலைத் தோட்டங்களிலும் பிள்ளையை எந்த மொழியில் படிக்க வைப்பது என்ற பேச்சு ஒவ்வொரு ஜூன் மாதமும் வீட்டுக்குள் நடக்கிறது. தமிழில் படித்தால் கல்லூரியில் திணறுவானா, ஆங்கிலத்தில் சேர்த்தால் தமிழ் போய்விடுமா, மலையாளம் இல்லாமல் வேலை கிடைக்குமா? 1969ஆம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழர் தம் மொழியில் அரசோடு எழுத்துத் தொடர்பு கொள்ள உரிமை தந்தது. மனு எழுத மொழி கிடைத்தது. உயர்கல்விக்கான மொழி எது என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. வட்டுக்கோட்டைக்காரர்கள் அந்தக் கேள்விக்கு 1823இலேயே ஒரு விடையை நடத்திப் பார்த்தார்கள்.

அமெரிக்க மிஷனரிகள் இலங்கைக்கு வந்தது 1816இல். பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் நடந்த போர் அப்போதுதான் முடிந்திருந்தது. நேற்றுவரை எதிரியாயிருந்த நாட்டுக்காரர்களைக் கொழும்பில் உலவவிட ஆங்கிலேய அரசுக்கு மனமில்லை. ஆளுநர் பிரவுன்ரிக் அவர்களை வணிகமும் அதிகாரமும் குவிந்திருந்த இடத்திலிருந்து விலக்கி, வடக்கே யாழ்ப்பாணத்துக்குப் போக அனுமதித்தார். தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் போர்ச்சுக்கீசியரும் ஒல்லாந்தரும் விட்டுப்போன தேவாலயங்கள் சிதைந்து கிடந்தன. அவற்றைச் செப்பனிட்டுக் குடியேறினார்கள். வந்தவர்களில் டேனியல் பூவர் டார்ட்மத் கல்லூரியில் படித்தவர். பெஞ்சமின் மெய்க்ஸ் யேல் பட்டதாரி. ஊருக்கு ஒரு சிறு கல்லூரி, அதில் செம்மொழிகளும் கணிதமும் தத்துவமும் இயற்கை அறிவியலும், எல்லாவற்றுக்கும் மேலே சமயம் என்ற நியூ இங்கிலாந்து மரபில் வளர்ந்தவர்கள் இவர்கள். கையிலிருந்த அந்த அச்சையே பனைமரத்தடியில் வார்க்கப் பார்த்தார்கள்.

1823இல் அவர்கள் வெளியிட்ட திட்டம் தமிழருக்கும் பிற இளைஞருக்குமான கல்லூரி ஒன்றை முன்மொழிந்தது. அந்த ஆவணத்தில் நோக்கங்கள் வரிசையாக வருகின்றன. முதலில் ஆங்கிலத்தில் ஆழ்ந்த பயிற்சி. அடுத்தது தமிழ் இலக்கியக் கல்வி. தேர்ந்த சிலருக்குச் சமஸ்கிருதமும் ஐரோப்பியச் செம்மொழிகளும். இவற்றோடு ஐரோப்பிய அறிவியல். இந்தியக் கல்வி பற்றி மெக்காலே தன் குறிப்பை எழுதியது 1835இல். அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பே ஆங்கிலமா நாட்டுமொழியா என்ற வழக்கை இரண்டும்தான் என்று தீர்த்துவைத்த திட்டம் இது. தமிழைக் கல்லூரிப் பாடமாக மதித்து நன்னூலையும் குறளையும் யூக்ளிடுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். தமிழ்மேல் கொண்ட காதல் மட்டுமே இதற்குக் காரணம் என்று சொல்லமாட்டேன். ஊரார் மதிக்கும் தமிழ்ப் புலமை இல்லாத போதகனின் பேச்சு எடுபடாது என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். காரணம் எதுவானாலும் பலன் தமிழுக்கு.

கல்லூரி நிறுவ அரசின் அனுமதி கிடைக்கவில்லை. அமெரிக்கர்கள்மேல் இருந்த சந்தேகம் அவ்வளவு: அச்சுப் பணிக்காக 1820இல் வந்த ஜேம்ஸ் காரட் என்பவரைத் தங்கவிடாமலே திருப்பியனுப்பியிருந்தது அரசு. அதனால் 1823 ஜூலையில் வட்டுக்கோட்டையில் திறந்தது மத்திய பாடசாலை என்ற அடக்கமான பெயரில். சில ஆண்டுகளில் அது செமினரி ஆயிற்று. பூவர் முதல்வர். நீதிபதி சர் ரிச்சர்ட் ஒட்லியின் ஆதரவை நினைவுகூர்ந்து பெரிய மண்டபத்துக்கு ஒட்லி மண்டபம் என்று பெயர் வைத்தார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அன்றைய யாழ்ப்பாணச் சமூகம் அப்படியே தெரியும். மாணவர்களில் மிகப் பெரும்பாலோர் சைவ வேளாளர் வீட்டுப் பிள்ளைகள். வெள்ளைக்காரரிடம் பாடம் கேட்கத் தயார். அவர் வளவுக்குள் சமைத்த சோற்றைத் தின்னத் தயாரில்லை. அதனால் பக்கத்துச் சைவர் ஒருவரின் காணியில் தனியே சமையல் கொட்டில் போடவேண்டியதாயிற்று. கிணறு அடுத்த சிக்கல். மிஷன் வரலாறுகளில் சொல்லப்படும் ஒரு சம்பவம்: மிஷனரிகள் புழங்கிய கிணற்றை முழுதாக இறைத்துத் தீட்டுக் கழித்த பிறகே அதில் தண்ணீர் எடுப்போம் என்று பையன்கள் இறைக்கத் தொடங்கினார்கள். சுண்ணாம்புக்கல் பூமி, ஊற்று விடாமல் ஊறியது. இறைத்துக் களைத்த பிறகு ஒரு முடிவுக்கு வந்தார்கள்: தீட்டுப்பட்டபோது கிணற்றில் எவ்வளவு நீர் இருந்ததோ அவ்வளவு வெளியே போயாயிற்று, இனி இருப்பது புதுநீர். தர்க்க பாடம் தொடங்குமுன்பே பையன்கள் தர்க்கத்தில் தேறிவிட்டார்கள். சாதிக் கட்டு இப்படிக் கொஞ்சம் வளைந்துகொடுத்தது. உடையவில்லை. அதை உடைக்க மிஷனும் அவசரப்படவில்லை. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கு அந்த விடுதியில் இடமில்லை என்பதை வட்டுக்கோட்டையின் பெருமை பேசுவோர் சேர்த்துச் சொல்வதில்லை. பெண்களுக்கு 1824இல் உடுவிலில் தனி விடுதிப் பள்ளி வந்தது. ஆனால் செமினரியின் வானியலும் தர்க்கமும் ஆண்களுக்கே.

மாணவருக்கு ஆன செலவை அமெரிக்காவிலிருந்த கொடையாளர்கள் ஏற்றார்கள். பதிலுக்குத் தாங்கள் சொல்லும் பெயரைப் பையனுக்கு வைக்கச் சொன்னார்கள். அதனால்தான் யாழ்ப்பாணத்தில் கரோல், நெவின்ஸ், எவாட்ஸ், ஆர்னோல்ட் என்ற பெயர்கள் பிள்ளையோடும் தம்பியோடும் ஒட்டிக்கொண்டு வருகின்றன. தாமோதரம்பிள்ளைக்கும் ஒரு பெயர் விழுந்தது: சைரஸ் கிங்ஸ்பரி. அவர் அதை விட்டுவிட்டுச் சைவராக வாழ்ந்தார். அவருடைய மகன் அழகசுந்தரம் கிறிஸ்தவரானபோது பிரான்சிஸ் கிங்ஸ்பரி என்ற பெயரை எடுத்துக்கொண்டு, அந்தப் பெயரோடே தமிழறிஞராக விளங்கினார். கொடையாளர் கொடுத்த பெயர் ஒரு தலைமுறை தாண்டிப்போய் நிலைத்தது.

பாடங்களின் கனம் குறைவில்லை. வடிவக்கணிதம், முக்கோணக்கணிதம், இயற்கைத் தத்துவம், வானியல், தர்க்கம், ஆங்கிலேய இறையியலாளர் பேலியின் சமயவாதம் எல்லாம் உண்டு. வானியல் அங்கே வெறும் பாடமாக இருக்கவில்லை, ஆயுதமாகவும் இருந்தது. 1829இல் ஒரு சந்திர கிரகணம். அராலி விசுவநாத சாஸ்திரியார் பரம்பரையாகப் பஞ்சாங்கம் கணிப்பவர். குடாநாடு முழுதும் அவர் கணக்கைத்தான் நம்பும். பூவர் அந்தப் பஞ்சாங்கத்தைச் சரிபார்த்து, கிரகணத்தின் நேரத்திலும் நீடிப்பிலும் மறைப்பளவிலும் பிசகு இருக்கிறது என்று முன்கூட்டியே அறிவித்தார். அன்றிரவு ஊரே வானத்தைப் பார்த்தது. பூவரின் கணக்கே சரியாயிற்று. பஞ்சாங்கம் தவறினால் புராணமும் தவறும், புராணம் போனால் கோயிலும் போகும் என்பது மிஷனரிகளின் கணிப்பு. அந்தக் கணிப்புத்தான் பலிக்கவில்லை. கிரகணக் கணக்கை மக்கள் ஏற்றுக்கொண்டார்கள், கோயிலுக்கும் போனார்கள்.

இதில் இன்னொரு திருப்பம் உண்டு. 1836இல் செமினரிப் பொறுப்பேற்ற ஹென்றி ஹொய்சிங்டன், தோற்றதாகச் சொல்லப்பட்ட அதே உள்ளூர்க் கணிதமுறையை உட்கார்ந்து படித்தார். இந்து வானியல் பற்றி 1848இல் ஒரு நூல் வெளியிட்டார். சிவஞான போதத்தையும் சிவப்பிரகாசத்தையும் தத்துவக் கட்டளையையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்; அவை 1854இல் அமெரிக்க கீழைத்தேய ஆய்வுக் கழகத்தின் இதழில் வெளியாயின. மதம் மாற்ற வந்தவர் சைவ சித்தாந்தத்தை அமெரிக்க வாசகருக்குக் கொண்டுபோனார். நல்ல கல்லூரியில் ஆசிரியருக்கும் இப்படித்தான் ஏதாவது நேரும்.

1840களில் இலங்கையின் குடியேற்றநாட்டுச் செயலராயிருந்த எமர்சன் டெனன்ட் வட்டுக்கோட்டைக்குப் போய் மாணவர்களைக் கேள்வி கேட்டுப் பார்த்தார். ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றோடு ஒப்பிடத்தக்க கல்வி என்று 1850இல் வெளிவந்த தம் நூலில் எழுதினார். அதிகாரிகளின் புகழ்ச்சியை அப்படியே நம்பக்கூடாது என்றாலும், மாணவர்கள் பிறகு செய்த வேலை டெனன்டுக்குச் சாட்சியாக நிற்கிறது. 1841இல் தொடங்கிய உதயதாரகை இதழின் முதல் ஆசிரியர்களான ஹென்றி மார்ட்டினும் சேத் பேசனும் செமினரியின் மாணவர்கள். நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை 1850இல் நியாய இலக்கணம் என்று மேல்நாட்டுத் தர்க்கத்தைத் தமிழில் எழுதினார். விசுவநாதபிள்ளை 1855இல் வீசகணிதம் எழுதினார்: அல்ஜீப்ராவுக்குத் தமிழ் நூல். ஆர்னோல்ட் சதாசிவம்பிள்ளை தமிழ்ப் புலவர் வரலாறுகளைத் திரட்டிப் பாவலர் சரித்திர தீபகத்தை 1886இல் வெளியிட்டார். தாமோதரம்பிள்ளையைப் பற்றித் தமிழ் படித்தவருக்குச் சொல்ல வேண்டியதில்லை: தொல்காப்பிய உரைகள், வீரசோழியம், கலித்தொகை, சூளாமணி என்று ஏட்டிலிருந்து அச்சுக்கு வந்தவை அவர் கையால் வந்தவை. பாடபேதங்களை ஒப்பிட்டுப் பார்க்கும் அந்த ஒழுங்கு, யூக்ளிடும் நன்னூலும் ஒரே மேசையில் இருந்த பள்ளியில் பயின்ற ஒழுங்கு என்றே நான் நினைக்கிறேன்.

இத்தனை இருந்தும் 1855இல் கதவை மூடினார்கள்.

காரணத்தின் ஒரு பாதி கொழும்பில் இருந்தது. கோல்புரூக் சீர்திருத்தங்களுக்குப் பின் 1833 முதல் இலங்கை நிர்வாகத்தில் ஆங்கிலம் அறிந்த உள்ளூராருக்கு வேலை திறந்தது. கச்சேரி எழுத்தர், மொழிபெயர்ப்பாளர், நில அளவையாளர், ஆசிரியர் என்று ஆங்கிலத்துக்குச் சம்பளம் வந்தது. முதலில் பிள்ளைகளைத் தேடிப்பிடித்துச் சோறு போட்டுச் சேர்த்த செமினரியில், பிறகு வசதியுள்ள சைவக் குடும்பங்கள் பணம் கட்டிச் சேர்த்தன. ஞானஸ்நானம் பெற்றவர் தொகை குறைந்தது. படித்தவன் போதகனாவான் என்று எதிர்பார்த்தார்கள். அவன் கச்சேரிக்குப் போனான்.

மறுபாதி பாஸ்டனில். அமெரிக்க மிஷன் சங்கத்தின் வெளிநாட்டுச் செயலர் ரூஃபஸ் ஆண்டர்சன் தெளிவான கொள்கையுடையவர்: மிஷனின் வேலை தன்னைத் தானே நடத்தி, தன்னைத் தானே தாங்கி, தானே பரவும் உள்ளூர்த் திருச்சபைகளை உண்டாக்குவது. அதற்கு ஊர் மொழியில் படித்த கிராமப் போதகன் போதும். ஆங்கிலம் அவனை ஊரைவிட்டுக் கிளப்பிவிடும். 1854–55இல் அவர் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நேரில் வந்தார். அவர் வருகையின் விளைவாக வட்டுக்கோட்டைச் செமினரி மூடப்பட்டது. அதை முப்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய டேனியல் பூவர் அதே 1855 பிப்ரவரியில் மானிப்பாயில் காலராவில் இறந்தார்.

ஆண்டர்சனைத் திட்டுவது எளிது. யாழ்ப்பாணத்து ஆங்கிலப் படிப்பாளிகள் அதைத் தலைமுறைகளாகச் செய்தார்கள். ஆனால் தாய்மொழிக் கல்வி வேண்டும் என்று இன்று நாம் சொல்லும் வாதத்தை அன்று சொன்னவர் அவர். அந்த வாதத்தில் உண்மையும் இருந்தது. மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் கிறீன் அதைச் செய்தே காட்டினார். 1847இல் வந்த கிறீன், அடுத்த ஆண்டே மருத்துவ வகுப்பு தொடங்கினார். முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தவர் 1860களில் தமிழுக்கு மாறினார். பிரசவ வைத்தியம், இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம், கெமிஸ்தம் என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தமிழில் மருத்துவ நூல்கள் வந்தன. கிரே எழுதிய உடற்கூற்று நூல் தமிழில் 1872இல் அச்சானது. அறுபதுக்கும் மேற்பட்ட மருத்துவர்களை அவர் உருவாக்கினார். தமிழில் மருத்துவம் படிக்க முடியுமா என்று சட்டமன்றங்களில் இன்றும் கேட்கிறவர்களுக்கு மானிப்பாய் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் பதில் எழுதிவைத்தது.

ஆண்டர்சன் எங்கே சறுக்கினார்? கிறீனின் தமிழ் நூல்களில் அவரோடு உழைத்தவர்கள் யார் என்று பார்த்தால் தெரியும். ஆங்கிலமும் அறிவியலும் தமிழ் இலக்கணமும் சேர்த்துக் கற்ற உள்ளூர் இளைஞர்கள். அத்தகையோரை உருவாக்கிய இடம் செமினரி. தமிழுக்காக ஆங்கிலத்தை நிறுத்தியபோது, அறிவியலைத் தமிழுக்குக் கொண்டுவரக்கூடிய கைகளே வற்றின. கிறீன் 1873இல் ஊர் திரும்பினார். மானிப்பாயின் தமிழ் மருத்துவக் கல்வி அவருக்குப் பின் நீடிக்கவில்லை. இருமொழிக் கல்லூரியை ஒருமொழிப் பள்ளியாக்கினால் இரண்டு மொழிக்கும் நட்டம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் கண்டதில்லை. ஒன்றையும் மறக்கக்கூடாது: இந்த முடிவை எடுக்குமுன் வட்டுக்கோட்டைப் பெற்றோரை ஒப்புதல் கேட்க வேண்டிய கட்டாயம் பாஸ்டனுக்கு இருக்கவில்லை. பணம் அவர்களுடையது, கட்டடம் அவர்களுடையது, கல்லூரியும் அவர்களுடையது.

இந்த அலை மதுரைக்கும் அடித்தது. மதுரை மிஷனே யாழ்ப்பாணத்தின் கிளைதான். 1834இல் ஹொய்சிங்டனும் வில்லியம் டாட்டும் யாழ்ப்பாணத்தில் படித்த தமிழ் உதவியாளர்களோடு மதுரைக்கு வந்து அதைத் தொடங்கினார்கள். பூவரும் சில ஆண்டுகள் மதுரையில் இருந்தார். இடுக்கி மலைக்குக் கிழக்கே, பழைய மதுரை மாவட்டம் முழுதும் அந்த மிஷனின் வேலைக்களம்; காய்ச்சலுக்குத் தப்ப அவர்கள் 1845இல் ஏறிய மலைதான் கோடைக்கானல். பசுமலையில் அவர்கள் நடத்திய செமினரியிலும் ஆண்டர்சன் வருகைக்குப் பின் ஆங்கிலத்தின் இடம் சுருங்கியது. ஆனால் பசுமலைக்குக் கிடைத்த சூழல் வேறு. பக்கத்தில் ஒரு பல்கலைக்கழகம் இருந்தது. 1881இல் அது சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இரண்டாம் நிலைக் கல்லூரியாக உயர்ந்தது. 1904இல் மதுரை நகருக்குள் வந்து, அமெரிக்கன் கல்லூரியாக வளர்ந்து, 1978இல் தன்னாட்சி பெற்றது. தேனி, கம்பம், போடிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மதுரை என்றால் நினைவுக்கு வரும் கல்லூரிகளில் அது ஒன்று. தாய் நிறுவனமான வட்டுக்கோட்டைக்கு அந்த வாய்ப்பு இல்லை: இலங்கையில் பல்கலைக்கழகமே 1942இல்தான் வந்தது.

வட்டுக்கோட்டைக்குத் திரும்புவோம். மூடிய பிறகு நடந்தது பாஸ்டன் எதிர்பாராதது. பழைய மாணவர்கள் ஊரிலேயே ஆங்கிலப் பள்ளி நடத்தினார்கள். தங்கள் கல்லூரி திரும்ப வேண்டும் என்று மிஷனை விடாமல் கேட்டார்கள், கூட்டம் போட்டார்கள், பணம் திரட்டினார்கள். 1872 ஜூலையில் யாழ்ப்பாணக் கல்லூரி திறந்தது. யூரோட்டஸ் ஹேஸ்டிங்ஸ் அதன் முதல் முதல்வர். முக்கியமான மாற்றம் ஆளுகையில் வந்தது. மிஷன் சங்கத்தின் நேரடிப் பொறுப்பில் கல்லூரி இல்லை. உள்ளூராரும் அமர்ந்த தனி இயக்குநர் சபை அதை நடத்தியது. மூலதன நிதி அமெரிக்காவில் தனியான அறங்காவலர் குழுவிடம் இருந்தது. ஒரு செயலர் கப்பலில் வந்திறங்கி மூடிவிட்டுப் போக முடியாத ஏற்பாடு. 1855இன் பாடத்தை நன்றாகவே படித்திருந்தார்கள். நிதி பாஸ்டனில் இருந்தது ஒரு பலவீனம்தான். அந்தத் தொலைவின் விலையைக் கல்லூரி பின்னாளிலும் கொடுத்தது.

செமினரியின் பிள்ளைகள் வேறு இடங்களிலும் பள்ளி கட்டினார்கள். நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை வண்ணார்பண்ணையில் தொடங்கிய ஆங்கிலப் பள்ளியே சைவ பரிபாலன சபையின் கைக்கு வந்து 1890இல் யாழ்ப்பாண இந்துக் கல்லூரியாயிற்று. மிஷனை எதிர்த்துச் சைவம் கட்டிய முதன்மையான கல்லூரியின் வித்து மிஷன் செமினரியில் படித்தவர் போட்டது. ஆறுமுக நாவலர் 1848இல் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியது வேறு வழி. அவர் பயின்றது பீட்டர் பெர்சிவலின் வெஸ்லியன் பள்ளியில். ஆனாலும் மிஷன் பள்ளியின் கருவிகளை எடுத்துச் சைவத்துக்குப் பயன்படுத்திய உத்தி இரண்டிடத்திலும் ஒன்றே.

இருபதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணக் கல்லூரியின் சிறந்த காலம் ஜான் பிக்னெல் முதல்வராயிருந்த 1915 முதல் 1936 வரையான ஆண்டுகள். அந்தக் காலத்து ஆசிரியர் ஹண்டி பேரின்பநாயகம். 1924இல் உருவான மாணவர் மாநாடு யாழ்ப்பாண வாலிபர் மாநாடாக வளர்ந்ததில் அவருக்குப் பெரும் பங்கு. மாநாட்டினர் சாதி ஏற்றத்தாழ்வையும் சீதனத்தையும் எதிர்த்தார்கள். தாய்மொழிக் கல்வியும் முழு விடுதலையும் கேட்டார்கள். 1927 நவம்பரில் காந்தியை யாழ்ப்பாணத்துக்கு அழைத்துவந்தார்கள். பிரிட்டிஷ் அரசு தந்த டொனமூர் அரசியலமைப்பு முழு விடுதலை தரவில்லை என்று 1931 தேர்தலைப் புறக்கணித்தார்கள். அந்தப் புறக்கணிப்பு அரசியலில் சரியான கணக்கா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. அடுத்த மூன்று ஆண்டுகள் யாழ்ப்பாணத்து இருக்கைகள் காலியாகக் கிடந்தன. ஆனால் கிணற்றை இறைத்துத் தீட்டுக் கழித்த வளவிலிருந்து நூறு ஆண்டுகளில் சமபந்தி கேட்கும் குரல் எழுந்தது. அரசு வேலைக்கு ஆள் தயாரிக்கும் பள்ளியில் அது எழுந்திராது. அதே ஆசிரியர் அறையில் ஜே. வி. செல்லையாவும் இருந்தார், பத்துப்பாட்டை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர், வட்டுக்கோட்டைக் கல்வியின் நூற்றாண்டு வரலாற்றை 1922இல் எழுதியவர்.

பட்டப் படிப்பு மட்டும் எப்போதும் இரவல். ஒரு காலம் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தோடு இணைப்பு, பிறகு லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரித் தேர்வுகள். இரவல் பட்டமானாலும், இருபதாம் நூற்றாண்டின் நடுவில் கல்லூரியின் பட்டதாரிப் பிரிவு கிராமத்திலிருந்து வெளியே போகாமலே பி.ஏ., பி.எஸ்ஸி. படிக்க வழிசெய்தது.

அடுத்த முடிவை எடுத்தது கொழும்பு. 1960–61இல் இலங்கை அரசு உதவிபெறும் பள்ளிகளைத் தன் கையில் எடுத்தது. யாழ்ப்பாணக் கல்லூரி மானியத்தை இழந்தாலும் பரவாயில்லை என்று தனியாகவே நின்றது. மிகக் கடினமான தேர்வு அது; பல பெரிய மிஷன் பள்ளிகள் அதைச் செய்யத் துணியவில்லை. 1974இல் வடக்கில் பல்கலைக்கழக வளாகம் தொடங்க அரசு முடிவு செய்தபோது இடம் தேவைப்பட்டது. யாழ்ப்பாணத்தை அடுத்த திருநெல்வேலியில் பொன்னம்பலம் இராமநாதன் நிறுவிய பரமேசுவரக் கல்லூரியின் கட்டடங்களும், வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரியின் பட்டதாரிப் பிரிவும் அதற்குப் போயின. அக்டோபர் மாதம் வளாகம் திறந்தது. அறிவியல் பிரிவு வட்டுக்கோட்டையிலேயே வகுப்பு நடத்தியது. க. கைலாசபதி வளாகத் தலைவர்.

வடக்குத் தமிழருக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டியிருந்தது, அதில் ஐயமில்லை. அரசு நடத்தும் பல்கலைக்கழகம் எந்தச் சிறு கல்லூரியும் எட்டமுடியாத எண்ணிக்கைக்குக் கல்வி தரும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் தந்தது. ஆனால் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து இன்னொன்றும் இருந்திருக்கலாம். நூற்றைம்பது ஆண்டுகளாக உயர்கல்வியை ஏதோ ஒரு வடிவில் நடத்திப் பழகிய சிறு கல்லூரிக்குத் தன் பட்ட வகுப்பை வைத்துக்கொள்ளும் உரிமை கிடைக்கவில்லை. 1855இல் பாஸ்டன் திருச்சபைக்காக எடுத்தது; 1974இல் கொழும்பு பல்கலைக்கழகத்துக்காக எடுத்தது. இரண்டுக்கும் நல்ல காரணங்கள் சொல்லப்பட்டன. பழைய மாணவரும் உள்ளூராரும் முடிவெடுத்த 1872இல் மட்டும்தான் அங்கே ஒரு கல்லூரி திறந்தது.

சித்தூரிலோ மூணாறிலோ தமிழருக்கென்று ஒரு கல்லூரி வேண்டும் என்று மேடையில் பேசுகிறவர்கள் உண்டு. அவர்கள் கட்டடமும் பாடத்திட்டமும் கேட்பதோடு, ஆட்சிக்குழுவில் யார் உட்காருவார்கள், நிதி யார் பெயரில் இருக்கும், மூடும் அதிகாரம் யாருக்கு என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். வட்டுக்கோட்டை ஆவணங்களைப் படிக்க அவர்களுக்கு நேரம் இல்லாவிட்டால், யாழ்ப்பாணக் கல்லூரியின் 1872ஆம் ஆண்டு ஏற்பாட்டையாவது படிக்கட்டும்.

அறிவியல் பிரிவு பின்னர் வட்டுக்கோட்டையிலிருந்து திருநெல்வேலி வளாகத்துக்குப் போய்விட்டது. யாழ்ப்பாணக் கல்லூரி தனியார் பள்ளியாக இன்றும் நடக்கிறது. அதன் நூலகத்துக்கு டேனியல் பூவரின் பெயர்.